தி ப்ராப்ளம் இஸ் தட், தி ஃபேக்ட் தட்: ‘என்ற’ வரும் இடத்தில் ‘தட்’ வருவது எப்படி?

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் மெயிலில் “தி ப்ராப்ளம் இஸ் தட்…” என்று வருகிறது, “தி ஃபேக்ட் தட்…” என்று வருகிறது, “இட் இஸ் எ பிட்டி தட்…” என்றும் வருகிறது. மூன்றிலும் ஒரு நவுன் இருக்கிறது, பின்னால் ‘தட்’ இருக்கிறது. எந்த இடத்தில் எது? ‘தட்’டை எப்போது விடலாம்? அதற்குப் பதில் ‘விச்’ போட்டால் என்ன தவறு? தான் எழுதிய நான்கு வரியையும் அனுப்பி, இதில் என்ன பிழை என்றும் கேட்டிருக்கிறார். அந்த வரிகளுக்குக் கடைசியில் வருகிறேன்.

தம்பி, இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தமிழில் அன்றாடம் நீங்கள் பேசுகிற ‘என்ற’, ‘என்பது’ என்ற இரண்டு சொற்கள்தான் இதற்குத் திறவுகோல்.

“பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்ற செய்தி.” இதில் ‘பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது’ என்பது தனியே நிற்கக்கூடிய முழு வாக்கியம். அதைச் ‘செய்தி’ என்ற பெயர்ச்சொல்லோடு கட்டிப்போடுகிற வேலையை ‘என்ற’ செய்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்வது ‘தட்’. வரிசை மட்டும் தலைகீழ். தமிழில் வாக்கியம், ‘என்ற’, பெயர்ச்சொல். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல், ‘தட்’, வாக்கியம்: “தி நியூஸ் தட் வாட்டர் ஹேஸ் கம் இன் தி பாலார்.”

“பாலாற்றில் தண்ணீர் வரவில்லை என்பதுதான் பிரச்சினை.” இங்கே ‘என்பது’ வந்திருக்கிறது, பெயர்ச்சொல்லே பயனிலையாகிவிட்டது. இதற்கு ஆங்கிலத்தில் நடுவில் ஓர் ‘இஸ்’ வேண்டும்: “தி ப்ராப்ளம் இஸ் தட் தேர் இஸ் நோ வாட்டர் இன் தி பாலார்.” ஆக, ‘என்ற’ வந்தால் ‘இஸ்’ இல்லாத அமைப்பு, ‘என்பது’ வந்தால் ‘இஸ்’ உள்ள அமைப்பு. முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் செய்கிற பிழைகளில் பெரும்பாலானவை, இந்தத் தலைகீழ் திருப்பத்தைப் பாதியில் நிறுத்துவதால் வருபவைதான்.

பாதியில் நின்ற திருப்பம் எப்படி இருக்கும்? “வாட்டர் இஸ் நாட் கமிங் இஸ் தி ப்ராப்ளம்.” தமிழ் வரிசையிலேயே எழுதியது இது. கேட்பவர் ‘வாட்டர் இஸ் நாட் கமிங்’ என்றதும் வாக்கியம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார். அடுத்து வரும் ‘இஸ்’ஸுக்கு எழுவாய் எது என்று அவருக்குப் புரியாது. முன்னால் ஒரு ‘தட்’ போட்டு “தட் வாட்டர் இஸ் நாட் கமிங் இஸ் தி ப்ராப்ளம்” என்றால் இலக்கணம் சரியாகிவிடும். வாக்கியத்தின் தலையில் நிற்கும் அந்தத் ‘தட்’டை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. ஆனால் இந்த நடை ஏட்டு நடை. பேச்சிலும் மெயிலிலும் யாரும் இப்படி எழுதுவதில்லை. முழுதாகத் திருப்பி “தி ப்ராப்ளம் இஸ் தட் வாட்டர் இஸ் நாட் கமிங்” என்று எழுதுவதே நல்லது.

இந்த ‘இஸ் தட்’ அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். எந்தப் பெயர்ச்சொல்லும் இதில் உட்காராது. சொல்லக்கூடியது, நினைக்கக்கூடியது, வாக்கியமாக விரித்துவைக்கக்கூடியது எதுவோ அதுதான் உட்காரும். ப்ராப்ளம், ட்ரபிள், டிஃபிகல்டி, ட்ரூத், ஃபேக்ட், பாயிண்ட், ரீசன், ரிசல்ட், அட்வான்டேஜ், ஹோப், ஃபியர், கம்ப்ளெய்ன்ட், இம்ப்ரெஷன், கண்டிஷன், ரூல் ஆகியவை அடிக்கடி வருபவை. ‘தி ஷூ இஸ் தட்…’ என்று ஒருநாளும் வராது. செருப்பை வாக்கியமாக விரிக்க முடியாது. “தி பையர்ஸ் கம்ப்ளெய்ன்ட் இஸ் தட் தி லெதர் க்ராக்ஸ் வென் இட் இஸ் ஃபோல்டட்” என்று வரும், ஏனென்றால் ‘மடித்தால் தோல் வெடிக்கிறது’ என்பதுதான் அந்தப் புகார். புகாரும் வாக்கியமும் ஒன்றுக்கொன்று சமம். இந்தச் சமன்பாடு நிற்கிறதா என்று பார்த்தாலே போதும்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஓர் அடை சேர்த்தால் வாக்கியம் கூர்மை பெறும். “தி ப்ராப்ளம் இஸ் தட்” என்பதைவிட “தி ஒன்லி ப்ராப்ளம் இஸ் தட்” என்றால் வாடிக்கையாளருக்கு நிம்மதி. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறீர்கள். “தி மெயின் ரீசன்”, “ஒன் அட்வான்டேஜ் ஆஃப் திஸ் ஃபினிஷ்”, “அவர் ஒன்லி கண்டிஷன்” எல்லாம் இதே வகை. வணிகக் கடிதத்தில் இந்தச் சிறு அடைக்கு நல்ல பலன் உண்டு.

இந்த அமைப்பில் பேச்சில் ‘தட்’ உதிர்ந்துபோவது சாதாரணம். “தி ட்ரபிள் இஸ், தி ட்ரக் லெஃப்ட் லேட்” என்பார்கள்; எழுதும்போது ‘தட்’ இருந்த இடத்தில் ஒரு காற்புள்ளி நிற்கும். அலுவலகக் கடிதத்தில் ‘தட்’டை விடாமல் எழுதுவதே நல்லது. பேச்சில் சிலர் “தி திங் இஸ் இஸ் தட்” என்று ‘இஸ்’ஸை இரண்டு முறை சொல்வதும் உண்டு, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களிடமே கேட்கலாம். அதை எழுத்தில் கொண்டுவராதீர்கள்.

‘ரீசன்’ என்ற சொல்லில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. “தி ரீசன் இஸ் பிகாஸ்…” என்று உலகமெங்கும் பேசுகிறார்கள். ஆனால் காரணம் என்ற பொருள் ‘ரீசன்’ என்பதிலேயே இருப்பதால் ‘பிகாஸ்’ அதையே மறுபடி சொல்கிறது. போட்டித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் இது பழைய கேள்வி; தவறு என்றே மதிப்பெண் போடுவார்கள். “தி ரீசன் இஸ் தட் தி ட்ரக் லெஃப்ட் லேட்” என்று எழுதுங்கள். இன்னும் மோசமானது “தி ரீசன் இஸ் பிகாஸ் ஆஃப் தி ட்ரக் லெஃப்ட் லேட்” என்பது. ‘பிகாஸ் ஆஃப்’ என்றால் பின்னால் பெயர்ச்சொல்தான் வரவேண்டும், முழு வாக்கியம் வரக்கூடாது. “ரீசன் பீயிங் தட்…” என்று தொடங்கி முற்றுப்புள்ளி வைக்கிற பழக்கமும் நம் அலுவலகங்களில் உண்டு. அது தனி வாக்கியமாக நிற்காது. முந்தைய வாக்கியத்தோடு காற்புள்ளியால் ஒட்டியிருந்தால்தான் நிற்கும்.

அடுத்தது ‘கொஸ்டின்’. “தி கொஸ்டின் இஸ் தட் தி பையர் வில் வெயிட்” என்று எழுதினால் பொருளே கூடிவராது. கேள்வியை விரித்தால் கேள்விதான் வரும், அறிக்கை வராது. “தி கொஸ்டின் இஸ் வெதர் தி பையர் வில் வெயிட்” என்று ‘வெதர்’ போட வேண்டும். அல்லது ஹவ், வென், ஒய். தமிழில் ‘காத்திருப்பாரா என்பதுதான் கேள்வி’ என்கிறோம் பாருங்கள், அந்த ‘ஆ’ தான் இந்த ‘வெதர்’. ‘ஆ’ இருந்தால் ‘தட்’ வராது.

‘டவுட்’ என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். நாம் ‘ஒரு டவுட் சார்’ என்று வகுப்பில் கையைத் தூக்கிப் பழகியவர்கள். நமக்கு அது கேள்வி. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘டவுட்’ என்றால் நம்பிக்கையின்மை. “வி ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் பேமென்ட்” என்று நீங்கள் பணம் வந்த தேதியை விசாரிக்க எழுதினால், பணம் தருவீர்களா என்றே எங்களுக்கு ஐயம் என்று அவர் படிப்பார். கடிதத்தில் ‘கொஸ்டின்’ என்றோ ‘குட் யூ டெல் அஸ் வெதர்’ என்றோ எழுதுங்கள். ‘டவுட்’டை எதிர்மறையில் பயன்படுத்தும்போது மட்டும் ‘தட்’ இயல்பாக வரும்: “தேர் இஸ் நோ டவுட் தட் தி குட்ஸ் வேர் பேக்ட் ஆன் டைம்.” ஐயமே இல்லை என்றால் ‘தட்’, ஐயம் இருந்தால் ‘வெதர்’. நினைவில் வைக்க எளிது.

இனி ‘இஸ்’ இல்லாத அமைப்பு: “தி ஃபேக்ட் தட்…”, “தி ரூமர் தட்…”. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். முதல் பிழை வாக்கியம் முடியாமலே முற்றுப்புள்ளி வைப்பது. “தி ஃபேக்ட் தட் தி ட்ரக் லெஃப்ட் லேட்.” இது எவ்வளவு நீளமாக இருந்தாலும் வெறும் எழுவாய்தான், ‘லாரி தாமதமாகக் கிளம்பியது என்ற உண்மை’ என்று சொல்லி நிறுத்தியது போல. பயனிலை வேண்டும்: “தி ஃபேக்ட் தட் தி ட்ரக் லெஃப்ட் லேட் ஹேஸ் டிலேய்ட் தி ஷிப்மென்ட்.” அந்தப் பயனிலை ‘ஃபேக்ட்’ என்ற ஒருமைக்குப் பொருந்த வேண்டும், நடுவில் எத்தனை பன்மை வந்தாலும் சரி. “தி ஃபேக்ட் தட் ஹைட் ப்ரைசஸ் ஹேவ் ரிஸன் வொர்ரீஸ் அஸ்” என்பதில் (‘ஹைட்’ என்றால் பதனிடாத தோல்) ‘வொர்ரீஸ்’ தான் சரி. அருகில் இருக்கும் ‘ப்ரைசஸ்’ நம் கையைப் பிடித்து இழுத்து ‘வொர்ரி’ என்று எழுத வைக்கும்.

இப்போது ‘விச்’ கேள்வி. இந்த இரண்டைப் பாருங்கள்.

“தி ரிப்போர்ட் தட் தி ஆஃபீசர் சென்ட் வாஸ் ராங்.”
“தி ரிப்போர்ட் தட் தி ஆஃபீசர் வாஸ் லேட் வாஸ் ராங்.”

முதலாவது ‘அதிகாரி அனுப்பிய அறிக்கை தவறு’. இரண்டாவது ‘அதிகாரி தாமதமாக வந்தார் என்ற தகவல் தவறு’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘தட்’. தமிழில் முதலாவதற்கு ‘அனுப்பிய’ என்ற பெயரெச்சம், இரண்டாவதற்கு ‘என்ற’. ஆங்கிலம் மறைக்கிற வேறுபாட்டைத் தமிழ் வெளிப்படையாகக் காட்டுகிறது. இதில் நமக்கு உண்மையிலேயே அனுகூலம் உண்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவர் திணறுகிற இடத்தில் நாம் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

ஆங்கிலத்துக்குள்ளேயே சோதிக்க வேண்டுமென்றால், ‘தட்’டுக்குப் பின்னால் வருவதை மட்டும் வெட்டி எடுத்துப் படியுங்கள். ‘தி ஆஃபீசர் சென்ட்’, அதிகாரி அனுப்பினார். எதை? அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையில் இருக்கவேண்டிய பொருள்தான் முன்னால் போய் நிற்கும் ‘ரிப்போர்ட்’. இது ரிலேட்டிவ் கிளாஸ். இங்கே ‘விச்’ போடலாம், ‘தட்’டை அடியோடு விட்டு “தி ரிப்போர்ட் தி ஆஃபீசர் சென்ட்” என்றும் எழுதலாம். ‘தி ஆஃபீசர் வாஸ் லேட்’ என்பதில் ஓட்டை எதுவும் இல்லை, அது முழு வாக்கியம். இங்கே ‘விச்’ வராது. ‘விச்’ என்பது ஓட்டையை அடைக்கும் சொல். அடைக்க ஓட்டை இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. ‘தட்’டையும் விடக்கூடாது. “தி ஃபேக்ட் ஹி கேம் லேட்” என்று பேச்சில் கேட்கலாம், எழுத்தில் அது தடுக்கும்.

மூன்றாவதாக ஓர் உருவ ஒற்றுமையும் உண்டு: “இட் வாஸ் தி ரூமர் தட் ஃப்ரைட்டன்ட் தி ஷாப்கீப்பர்ஸ்.” கடைக்காரர்களைப் பயமுறுத்தியது அந்த வதந்திதான். வதந்தி என்ன என்று இந்த வாக்கியம் சொல்லவே இல்லை. ‘தான்’ போட்டு அழுத்துகிறது, அவ்வளவே. ‘ஃப்ரைட்டன்ட்’ என்பதற்கு எழுவாய் இல்லாத ஓட்டையைக் கவனித்தால் குழப்பம் வராது.

தமிழ்ச் சோதனையில் ஒரு நெளிவு இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ‘பஸ் கவிழ்ந்த செய்தி’ என்று நாம் ‘என்ற’ இல்லாமலும் சொல்கிறோம். இங்கே பெயரெச்சம் இருப்பதால் ரிலேட்டிவ் கிளாஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ‘பஸ் கவிழ்ந்தது என்ற செய்தி’ என்று மாற்றிப் பாருங்கள். பொருள் மாறவில்லை, ஆகவே இது நம் ‘தட்’ தான்: “தி நியூஸ் தட் தி பஸ் ஹேட் ஓவர்டர்ன்ட்.” ‘அவர் சொன்ன செய்தி’யை ‘அவர் சொன்னார் என்ற செய்தி’ என்று மாற்றினால் பொருளே வேறாகிவிடுகிறது, ஆகவே அது ரிலேட்டிவ். மாற்றிப் பார்ப்பதுதான் சோதனை, கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது.

கட்டளைப் பெயர்ச்சொற்களுக்குத் தனிச் சட்டம். வேலூர்க் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த கதை நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். புது மாதிரித் தலைப்பாகை அணியவேண்டும், நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள்தான் அவர்களைக் கொதிக்க வைத்தன. இதை ஆங்கிலத்தில் சொன்னால்: “தி ஆர்டர் தட் எவ்ரி சிப்பாய் வேர் தி நியூ டர்பன் ஆங்கர்ட் தெம்.” ‘எவ்ரி சிப்பாய்’ ஒருமை, ‘வேர்ஸ்’ என்றோ, நடந்து முடிந்த கதை ஆயிற்றே என்று ‘வோர்’ என்றோ எழுதத் தோன்றும். இரண்டும் இங்கே வராது. ஆர்டர், டிமாண்ட், ரிக்வெஸ்ட், ரெக்கமண்டேஷன் போன்ற ‘செய்யவேண்டும்’ என்ற பொருள் உள்ள பெயர்ச்சொற்களுக்குப் பின் வினைச்சொல் மொட்டையாக, எந்த விகுதியும் ஏறாமல் நிற்கும். கூச்சமாக இருந்தால் ‘ஷுட்’ சேர்த்து “தி ஆர்டர் தட் எவ்ரி சிப்பாய் ஷுட் வேர் தி நியூ டர்பன்” என்று எழுதலாம். பிரிட்டிஷ் வழக்கில் இதுவும் பரவலானது. தமிழில் ‘வேண்டும் என்ற’ என்று வந்தால் இந்தச் சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நிகழ்ச்சியில் வேறு இரண்டு பெயர்ச்சொற்கள் வேறு மாதிரி நடக்கின்றன. “தி ஃபியர் தட் தே வுட் பி கன்வெர்ட்டட்”, தங்களை மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம். “தி ஃபேக்ட் தட் திப்பு சுல்தான்ஸ் சன்ஸ் வேர் லிவிங் இன் தி ஃபோர்ட்”, திப்பு சுல்தானின் மகன்கள் அந்தக் கோட்டைக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தார்கள் என்ற உண்மை. இங்கே கட்டளை இல்லை. வினை வழக்கம்போல் காலம் காட்டுகிறது. முதன்மை வாக்கியம் இறந்த காலத்தில் இருப்பதால் ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகியிருக்கிறது.

‘சஜஷன்’ இரண்டு பக்கமும் சாயும். “தி சஜஷன் தட் தி ட்ரைவர் வாஸ் அஸ்லீப்” என்றால் டிரைவர் தூங்கிவிட்டார் என்ற மறைமுகப் பேச்சு. “தி சஜஷன் தட் தி ட்ரைவர் பி சேஞ்ச்ட்” என்றால் டிரைவரை மாற்றவேண்டும் என்ற யோசனை. ஒரே பெயர்ச்சொல்தான், வினைச்சொல்லின் உருவம்தான் எது என்று காட்டிக்கொடுக்கிறது.

எழுவாய் நீண்டு பயனிலை ஒற்றைச் சொல்லாக நின்றால் வாக்கியம் தலை கனத்துவிடும். “எ ரூமர் தட் தி கலெக்டர் வாஸ் பீயிங் ட்ரான்ஸ்ஃபர்ட் ஸ்ப்ரெட்” என்பது இலக்கணப்படி சரி, படிக்கத்தான் சரியில்லை. ஆங்கிலம் இங்கே ஒரு வசதி தருகிறது: பெயர்ச்சொல்லை முன்னால் விட்டுவிட்டு ‘தட்’ பகுதியைக் கடைசிக்குத் தள்ளலாம். “எ ரூமர் ஸ்ப்ரெட் தட் தி கலெக்டர் வாஸ் பீயிங் ட்ரான்ஸ்ஃபர்ட்.” தமிழில் பயனிலை எப்படியும் கடைசியில் வருவதால் நமக்கு இப்படித் தள்ளத் தோன்றாது, பழகிக்கொள்ள வேண்டும். 2019 ஆகஸ்ட் 15 அன்று வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் அறிவிப்பு வந்ததை “தி அனௌன்ஸ்மென்ட் கேம் ஆன் 15 ஆகஸ்ட் 2019 தட் வேலூர் வுட் பி ஸ்ப்ளிட் இன்டு த்ரீ டிஸ்ட்ரிக்ட்ஸ்” என்று எழுதலாம். இடையில் இன்னொரு பெயர்ச்சொல் வந்து ‘தட்’ அதோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இருந்தால் மட்டும் தள்ளாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய வரிகளில் இருக்கும் ‘டெஸ்பைட் தட்’ பிழைக்கு வருவோம். டெஸ்பைட், ட்யூ டு, பிகாஸ் ஆஃப், அபௌட் போன்ற ப்ரெபொசிஷன்களுக்குப் பின்னால் ‘தட்’ வாக்கியம் நேரடியாக வராது. அவற்றுக்குப் பெயர்ச்சொல் வேண்டும். அதனால்தான் ‘தி ஃபேக்ட்’ நடுவில் பாலமாக வருகிறது: “டெஸ்பைட் தி ஃபேக்ட் தட் வி பேக்ட் ஆன் டைம்.” ‘இன் தட்’, ‘எக்ஸெப்ட் தட்’ என்ற இரண்டும் விதிவிலக்கு. ஆனால் ஒன்று சொல்கிறேன்: பாலம் சரியானது என்பதற்காக எல்லா இடத்திலும் கட்டாதீர்கள். ‘டெஸ்பைட் தி ஃபேக்ட் தட்’ எழுதும் இடத்தில் ‘ஆல்தோ’ போதும். ‘ட்யூ டு தி ஃபேக்ட் தட்’ என்ற ஐந்து சொல்லுக்கு ‘பிகாஸ்’ என்ற ஒரு சொல் போதும். அரசாணை நடையில் பழகியவர்களுக்கு நீளமே மரியாதை என்று தோன்றும். வாங்குபவர் போனில் மெயில் படிக்கிறார், அவருக்குச் சுருக்கம்தான் மரியாதை.

எந்தப் பெயர்ச்சொல் ‘தட்’டை ஏற்காது? இதற்கும் தமிழ் பெரும்பாலும் வழிகாட்டும். ‘நுழைய அனுமதி’ என்கிறோம், ‘நுழைகிறோம் என்ற அனுமதி’ என்பதில்லை. அங்கே “பெர்மிஷன் டு என்டர்”. ‘திருத்தும் முயற்சி’, “அட்டெம்ப்ட் டு கரெக்ட்”. ‘தாமதமாக வரும் பழக்கம்’, “ஹேபிட் ஆஃப் கமிங் லேட்”. ‘என்ற’ வராத இடத்தில் ‘தட்’டும் வரவில்லை.

வழிகாட்டி தவறுகிற இடங்களும் உண்டு. ‘தண்ணீர் வரவில்லை என்ற பிரச்சினை’ தமிழில் தாராளமாக வரும். ஆங்கிலத்தில் ப்ராப்ளம், ட்ரபிள், டிஃபிகல்டி மூன்றும் ‘இஸ் தட்’ அமைப்பில் நன்றாக உட்காரும். ‘இஸ்’ இல்லாத அமைப்பில் ‘தி ப்ராப்ளம் தட் வாட்டர் இஸ் நாட் கமிங்’ என்றால் இடறும். “தி ப்ராப்ளம் ஆஃப் வாட்டர் நாட் கமிங்” என்பதோ, “தி ப்ராப்ளம் ஆஃப் வாட்டர் ஷார்ட்டேஜ்” என்பதோ நல்லது. ‘வாய்ப்பு’ என்ற நம் ஒரு சொல் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. மழை வர வாய்ப்பு என்றால் “தேர் இஸ் எ சான்ஸ் தட் இட் வில் ரெய்ன்”. படிக்க வாய்ப்பு என்றால் “ஆப்பர்ச்சூனிட்டி டு ஸ்டடி”, அங்கே ‘தட்’ கூடாது. ‘பாஸிபிலிட்டி’க்குப் பின் ‘தட்’ அல்லது ‘ஆஃப்’, ‘டு’ வராது.

“இட் இஸ் எ பிட்டி தட்…” வகை எளிது. ‘இட்’ வெறும் இடம்பிடித்து வைக்கும் சொல். உண்மையான எழுவாய் ‘தட்’டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆர்ட்டிகிளைக் கவனியுங்கள்: ‘எ பிட்டி’, ‘எ ஷேம்’, ‘எ ரிலீஃப்’, ‘எ ஃபேக்ட்’, ஆனால் ‘நோ வொண்டர்’. மே மாத அக்னி நட்சத்திர வெயிலுக்கு “இட் இஸ் நோ வொண்டர் தட் பீப்பிள் இன் வேலூர் ஸ்டே இன்டோர்ஸ் அட் நூன்” என்றால் பொருந்தும். ‘சாமி இல்லாத கோயில்’ என்று ஒரு காலத்தில் ஊர்ப்பேச்சில் இருந்த, வேலூர்க் கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு “இட் இஸ் எ ஃபேக்ட் தட் தி லிங்கம் ரிட்டர்ன்ட் டு தி டெம்பிள் ஒன்லி இன் 1981.” ‘எ ஷேம்’ என்பதை வெட்கக்கேடு என்று படித்துவிடாதீர்கள். “இட் இஸ் எ ஷேம் தட் யூ குட் நாட் கம்” என்று வாங்குபவர் எழுதினால், நீங்கள் வர முடியாமல் போனதில் அவருக்கு வருத்தம், அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு பதில் எழுதிவிடக்கூடாது.

‘தேர் இஸ்’ வகையில் எண்ண முடியாத பெயர்ச்சொற்களை மட்டும் பாருங்கள். “தேர் இஸ் எவிடென்ஸ் தட் க்ரோமியம் ஹேஸ் என்டர்ட் தி க்ரவுண்ட்வாட்டர்” என்று வரும். ‘அன் எவிடென்ஸ்’ வராது. இன்ஃபர்மேஷன், நியூஸ், ப்ரூஃப் இவற்றுக்கும் ‘எ’, ‘அன்’ வேண்டாம்.

இப்போது உங்கள் நான்கு வரி. நீங்கள் எழுதியது இது:

“வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் தட் தி ஷிப்மென்ட் இஸ் லேட். தி ரீசன் இஸ் பிகாஸ் ஆஃப் தி ட்ரக் லெஃப்ட் லேட். டெஸ்பைட் தட் வி பேக்ட் ஆன் டைம், தி வெஸல் வாஸ் மிஸ்ட். அவர் டவுட் இஸ் தட் யூ வில் அக்செப்ட் ஏர் ஃப்ரெய்ட்.”

முதல் வரியில் ‘தட்’ சரி. ஆனால் ‘இன்ஃபார்ம்’ என்ற வினைக்கு ஆள் வேண்டும், ‘இன்ஃபார்ம் யூ தட்’. இரண்டாவதும் மூன்றாவதும் மேலே பார்த்தவை. ‘தி வெஸல் வாஸ் மிஸ்ட்’ என்று செயப்பாட்டுவினையில் ஒளிந்துகொள்ள வேண்டாம். கப்பலைத் தவறவிட்டது நாம்தான், ‘வி மிஸ்ட் தி வெஸல்’ என்றால் நேர்மையாக இருக்கும். நான்காவது வரிதான் ஆபத்தானது. நீங்கள் கேட்க நினைத்தது, விமானச் சரக்கில் அனுப்பினால் சம்மதமா என்று. வரி சொல்வதோ வேறு.

திருத்திய பிறகு: “வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ தட் தி ஷிப்மென்ட் இஸ் லேட். தி ரீசன் இஸ் தட் தி ட்ரக் லெஃப்ட் ராணிப்பேட் லேட். ஆல்தோ வி ஹேட் பேக்ட் ஆன் டைம், வி மிஸ்ட் தி வெஸல். குட் யூ டெல் அஸ் வெதர் யூ வுட் அக்செப்ட் ஏர் ஃப்ரெய்ட்?” கவனியுங்கள், நான்கு வரியில் ஒரே ஒரு பெயர்ச்சொல்-‘தட்’ அமைப்புதான் மிஞ்சியிருக்கிறது. அது போதும். வரிக்கு வரி ‘தி ஃபேக்ட் இஸ் தட்’, ‘தி பாயிண்ட் இஸ் தட்’ என்று போனால் சொல்லவேண்டிய செய்தி எப்போதும் வாக்கியத்தின் பின்பாதியிலேயே தங்கிவிடும்.

பயிற்சிக்கு, காலையில் வரும் தமிழ்ப் பேப்பரின் மாவட்டச் செய்திப் பக்கத்தை எடுத்து ‘என்ற’, ‘என்பது’, ‘என்ற கோரிக்கை’ என்று வரும் இடங்களுக்கு அடிக்கோடு போடுங்கள். ஒரு பக்கத்திலேயே ஏழெட்டு கிடைக்கும். ஒவ்வொன்றையும் மேலே சொன்னபடி திருப்புங்கள். ‘சாலையைச் சீரமைக்கவேண்டும் என்ற கோரிக்கை’ வந்தால் வினைச்சொல்லை மொட்டையாக நிறுத்தினீர்களா என்று பாருங்கள்: “தி டிமாண்ட் தட் தி ரோடு பி ரிப்பேர்ட்.”

காற்புள்ளியும் பாக்கி இருக்கிறது. பேசும்போது நாம் ‘தி ப்ராப்ளம் இஸ் தட்’ என்று சொல்லி மூச்சு விடுகிறோம். ‘என்னவென்றால்’ என்று சொல்லி நிறுத்துகிற பழக்கம் அது. அந்த நிறுத்தம் எழுத்தில் காற்புள்ளியாகி “தி ப்ராப்ளம் இஸ் தட், தி ட்ரக் லெஃப்ட் லேட்” என்று விழுகிறது. அங்கே காற்புள்ளி கூடாது. ‘தட்’ பின்னால் வரும் வாக்கியத்தின் உறுப்பு, முன்னால் உள்ளதன் வால் இல்லை. வேறு ஒரு சொற்றொடரை நடுவில் செருகினால் மட்டும் இரண்டு பக்கமும் காற்புள்ளி வரும்: “தி ப்ராப்ளம் இஸ் தட், பிகாஸ் ஆஃப் தி ரெய்ன், தி ட்ரக் லெஃப்ட் லேட்.” அதில் ஒன்றைப் போட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.